கிரகணத் தண்ணீர்

கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று ஸ்ரீவராகம் தெருவே சொன்னது. சொன்னவர்களோடெல்லாம் சண்டை போட்டுவிட்டுத்தான் நான், பிச்சுமணி, வலியதுறையில் கப்பலேறினேன். பிறவிச் சமையல்காரன், எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். கூரை ஓடும் கயிறும் ஏற்றி ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சான்சிபார் போகும் பாய்க்கப்பலில், என்னோடு எட்டுப் பேருக்குப் பொங்கிப்போடும் வேலை. ஜாதி போனால் போகட்டும், ஆசாரம் இம்மியும் போகாது என்று நடுத்தெருவில் நின்று சபதம் செய்திருந்தேன். வந்த வினையெல்லாம் அந்த வீம்பால் வந்ததுதான்.

விடிந்ததும் அடித்தளத்தில் ஊறிய நீரை இறைப்பார்கள். அப்புறம் பாய் தைப்பது, கயிறு பின்னுவது. நான் மண் நிரப்பிய பெட்டியில் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைப்பேன். குடிக்க மூன்று பீப்பாய் தண்ணீர் என் பக்கத்திலேயே இருந்தது.

பதினாறாம் நாள் பகலில் சூரிய கிரகணம் பிடித்தது. விட்டதும் கடல்நீரை மொண்டு தலையில் விட்டுக்கொண்டேன். பிறகு வீட்டில் செய்வதைத்தான் செய்தேன். கிரகண வேளையில் நிறைத்து வைத்திருந்த தண்ணீர் தீட்டு. தர்ப்பை போட்டு வைத்தால் தப்பும். என்னிடம் தர்ப்பை இல்லை. மற்றவர்கள் முன்பக்கம் பாயோடு மல்லாடிக்கொண்டிருக்க, ஒரு பீப்பாயைச் சரித்தேன். இரண்டாவதையும் சரித்தேன். மூன்றாவதில் கை வைத்தபோது, கப்பலை நடத்தும் தண்டல் தங்கப்பன் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

“ஓய், என்னவாக்கும் காட்டுறீரு?”

“கிரகணத் தீட்டு. கொட்டிட்டு வேற பிடிச்சாப் போறது.”

“எங்கேருந்து பிடிப்பீரு?”

சுற்றிலும் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. ஸ்ரீவராகத்தில் கொல்லைக் கிணறு இருந்தது.

பாய்க்காரன் பூதலிங்கம் என்னைத் தூக்கிக் கடலில் போடத் துடித்தான். கரைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். தங்கப்பன் அவனை விலக்கினார். “இனி தண்ணிக்கு இந்தச் சாமிதான் காவல். ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தேங்காச் சிரட்டை. அதுக்கு மேல ஒரு சொட்டு போச்சுன்னா பின்னே இவனை நான் தடுக்க மாட்டேன், கேட்டீரா.”

வெட்கத்தில் அன்று அழுதேன். மறுநாளிலிருந்து அழ நேரமில்லை. இத்தனை பேரையும் உயிரோடு கரை சேர்ப்பேன் என்று இன்னொரு சபதம் செய்தேன். இந்தத் தடவை யார் காதிலும் போடவில்லை. பாதி கடல்நீர் கலந்து அரிசியை வேகவைத்தேன். என் பங்கில் ஒரு சிரட்டையைப் பீப்பாயிலேயே விட்டேன். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன், அதில் சாய்ந்தே தூங்கினேன். பூதலிங்கம் கெஞ்சினான், திட்டினான், ஒருநாள் அறைந்தும் விட்டான். அறையை வாங்கிக்கொண்டேன், தண்ணீரைக் கொடுக்கவில்லை.

நடுவில் காற்று விழுந்து கப்பல் ஊர்ந்தது. தண்ணீரைக் கொட்டிய பதினோராம் நாளும் கரை கண்ணில் படவில்லை. பீப்பாயில் அடிமட்டம்தான் மிச்சம். அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது.

பெரிய பாயை இறக்கி நான்கு மூலையையும் இழுத்துக் கட்டினார்கள். நடுவில் தண்ணீர் தேங்கியது. பூதலிங்கம் காலிப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான். சுக்கானை விட முடியாத தங்கப்பன் அங்கிருந்தே கத்தினார். “நாக்குல வச்சுப் பாரும் சாமி.”

வைத்தேன். ஒரே கரிப்பு. இருபத்தேழு நாள் அலை தெறித்துக் காய்ந்த பாயின் உப்பெல்லாம் அதில் கரைந்திருந்தது. குடித்தால் தாகம் இன்னும் கொல்லும். கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். அதற்குள் மழை நின்றுவிட்டால்? கொட்டிக் கெடுத்த கையே மறுபடியும் கொட்ட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு மூலைக் கயிற்றை அவிழ்த்தேன். அவ்வளவும் கடலில் போயிற்று.

பூதலிங்கம் என் குரல்வளையைப் பிடித்தான். “பாவி, பின்னையும் கொட்டிட்டியே.”

“உப்புடா. மழை இன்னும் இருக்கு. என்னை விட்டுட்டுப் பாயைப் பிடி.”

பிடித்தான். மழை விடவில்லை. இரண்டாம் தடவை தேங்கியதை நாக்கில் வைத்தேன், தித்தித்தது. பீப்பாய் நிறைந்ததும் முதல் சிரட்டையைப் பூதலிங்கத்திடம் நீட்டினேன். வாய் வைத்து மடக் மடக்கென்று பாதி குடித்தவன், என்ன நினைத்தானோ, மீதியை என் பக்கம் நீட்டினான். நீட்டிய பிறகுதான் என் ஆசாரம் ஞாபகம் வந்தது போலிருக்கிறது.

“எச்சிலாக்கும். கொட்டிரும் சாமி” என்றான்.

நான் கொட்டவில்லை. வாங்கிக் குடித்தேன்.