ராஜா சாக முடியாமல் தவித்த கதை

குடியிருப்பு ஆண்டு விழா நாடகத்தில் ராணி வேஷம் என்றால் அது கிளினிக் அக்காதான். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து, வலியில் முனகுகிறவர்களைக்கூட ஒரே அதட்டலில் எழுந்து நிற்க வைக்கிற தொண்டை அது. அந்த வேஷத்தை அவளிடமிருந்து பிடுங்கியவர் வேறு யாருமில்லை, கட்டின புருஷனான மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர். நாடகத்தை நடத்துபவரும் அவரே, ராஜாவும் அவரே. ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறவருக்கு, மாடிவீட்டு யோகா டீச்சர் குடிவந்ததிலிருந்து சொந்தப் பார்வை கொஞ்சம் சறுக்கிவிட்டதாக எல்லா மாடியிலும் பேச்சு. அவர்கள் குடியிருந்த தரைத்தளத்தில் கொஞ்சம் கூடுதலாகவே.

"ராணி டீச்சர்தான். உனக்கும் வயசாகுதுல்ல, ஓரமா நின்னு எனக்கு வசனம் எடுத்துக் குடு, போதும்" என்றார்.

"சரிங்க" என்றாள் அக்கா.

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே பேச்சில் சரி என்றது அதுதான் முதல்தடவை. மனுஷன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

நாடகம் பழைய சோகக் கதை. தளபதியை அநியாயமாகக் கொன்ற ராஜாவை, தளபதியின் மகன் வந்து பழிவாங்குகிறான். ஆரம்பத்திலிருந்து விதி, விதி என்று புலம்பியே ஆளாளுக்குச் செத்துப்போவார்கள். கடைசியாக "வென்றது விதி" என்று சொல்லிவிட்டு ராஜா கண்ணை மூட வேண்டும். அந்த இரண்டு வார்த்தை காதில் விழாமல் வாட்ச்மேன் திரைக்கயிற்றை விடமாட்டார். போன வருஷம் ராஜா இருமியதற்கே திரையை இறக்கி, எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியவர் அவர்.

ராஜா குத்துப்பட்டு விழும்வரை அக்கா ஒரு குறையும் வைக்கவில்லை, வரிக்கு வரி எடுத்துக்கொடுத்தாள். தளபதி மகனாக வந்த பிளம்பர் தம்பி விஷம் குடித்துச் சாய்ந்தான். ராணி ஏற்கெனவே பிணம். அசையாமல் கிடப்பதில் மட்டும் டீச்சரைக் குறை சொல்லவே முடியாது, தொழிலே அதுதானே.

ராஜா வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை. ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அக்கா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஆ... சாகிறேன்!" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சாகிறேன்!" என்று மறுபடியும் சொன்னார்.

"சீக்கிரம் சார், வீட்ல சாப்பாடு ஆறுது" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"அண்ணே, கால் மரத்துப்போச்சு. செத்துத் தொலைங்க" என்று பக்கத்துப் பிணம் பல்லைக் கடித்தது.

ராஜா ஊர்ந்து ஊர்ந்து மேடையோரம் வந்தார். மரண அவஸ்தை என்று கூட்டம் உச்சுக்கொட்டியது.

"வசனத்தைச் சொல்லுடி."

"வயசாயிடுச்சுங்க. ஞாபகம் இல்ல."

"மானம் போகுதுடி! அடுத்த வருஷம் ராணி நீதான், சத்தியமா."

அக்கா எதிர்பார்த்தது இதைத்தான். ஆனால் கிடைத்தபின் பார்த்தால், ராணி அங்கே வாயைப் பிளந்து மல்லாந்து கிடந்தாள். இதற்குத்தானா இத்தனை ஏக்கம்? சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, போட்ட செருப்போடு விறுவிறுவென்று மேடைக்கு நடந்தாள்.

"யாரைத் தேடுகிறாய், மன்னா? அப்போதிலிருந்து எல்லாரும் என் பெயரைச் சொல்லித்தானே அழுதீர்கள்? இதோ, வந்துவிட்டேன்."

ராஜாவுக்கு நிஜமாகவே வியர்த்தது.

"உனக்காக நின்றவர்களையெல்லாம் ஓரங்கட்டினாய். ஆடியது போதும். கண்ணை மூடு."

மூடினார். மூடாமல் இருக்க முடியுமா?

"வென்றது விதி!" என்று அக்காவே முழங்கினாள்.

திரை விழுந்தது. வெளியே கைதட்டலும் விசிலும் கூரையைப் பிய்த்தன. உள்ளே ராஜா கிரீடத்தைக் கையில் பிடித்தபடி எழுந்து வந்தார்.

"சொன்ன சொல் மாறமாட்டேன். ராணி வேஷம் உனக்குத்தான்."

"அதை டீச்சரே வெச்சுக்கட்டுங்க, நல்லாத்தான் சாகறாங்க. எனக்கு இந்த விதி வேஷம் போதும். எல்லாரும் போனப்புறமும் நிக்கிறவ நான் ஒருத்திதான்" என்றாள் அக்கா. பிறகு வாட்ச்மேன் பக்கம் திரும்பினாள். "என்னண்ணே பாத்துட்டு நிக்கிறீங்க? திரையைத் தூக்குங்க, கும்பிடு போடணும்."