சிரித்தால்தான் பக்கம் திரும்பும்

எங்கள் வீட்டில் புத்தகம் படிக்க ஒரு சட்டம் உண்டு. போட்டவர் என் வீட்டுக்காரர். ஒருவர் படிக்க வேண்டும், கேட்பவர் சிரிக்க வேண்டும். சிரித்தால்தான் பக்கத்தைத் திருப்பலாம். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷனுக்கு இப்படியும் ஒரு மூளை! நாள் முழுக்க இருட்டுக்குள் கம்பிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர், சாயங்காலம் கொஞ்சம் கூத்தடித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் மகள் வாலு ஒன்றாம் வகுப்பிலேயே இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்தாள். பெயருக்கு ஏற்ற சேட்டை எல்லாம் வரும், எழுத்து மட்டும் வராது. நேற்று சொல்லிக்கொடுத்த எழுத்தை இன்று முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். புத்தகத்தை எடுத்தாலே அழுகை. தலைமை ஆசிரியை, பிள்ளைகளுக்குப் பெரிய மிஸ், என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"லீவு முடியறதுக்குள்ள ஒரு சின்னக் கதையாவது தானா படிக்கணும்மா. இல்லேன்னா இங்க வெச்சுக்க எனக்கு வழியில்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன். தன்மையாகச் சொன்னார். பக்கத்தில் இருக்கிற மற்ற பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன. இதுவும் போனால் அவள் வீட்டில்தான் இருக்க வேண்டும். லீவில் படிக்கக் கொஞ்சம் படப் புத்தகங்களும் கொடுத்தார். பக்கத்துக்கு ஒரே வரி, கொட்டை எழுத்து, சிரிப்புக் கதை. "விளையாட்டா ஆரம்பிங்க, பயம் போயிடும்" என்றார்.

பயம் போனது என்னவோ உண்மைதான். அதில் ஒன்று, எருமை செருப்புக் கடைக்குப் போகிற கதை. நாலு செருப்பு கேட்கும். போட்டுப் பார்க்கும். வழுக்கி விழும். படிக்கிற என் வீட்டுக்காரர் நிஜமாகவே தரையில் வழுக்கி, வாளியைத் தட்டிவிட்டு, "கடைக்காரரே, வாலுக்கு ஒண்ணு இல்லையா?" என்று எழுந்திருப்பார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பக்கம் திரும்பும். கொஞ்ச நாளில் அவளே விரலை வரிக்கு அடியில் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை. நான் சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற, காஜா எடுக்கிற கம்பெனியில் மெஷினுக்கு மெஷின் போய்ச் சொல்லிக்கொண்டேன். என் மகள் படிக்கிறாள் என்று வாய் வலிக்கச் சொன்னேன்.

ஒருநாள் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டு திரும்பிவிட்டன. படத்தில் எருமை ஏற்கெனவே குப்புற விழுந்து கிடந்தது. இவளோ விரலை நகர்த்தி நகர்த்தி, "எருமை மூன்றாவது செருப்பைப் போட்டது" என்று படித்தாள். அந்த வரி அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை. படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, 'எருமை' என்ற சொல்லைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன்.

"செருப்பு."

"நல்லாப் பாருடி."

"கடையா?" என்றாள் என் முகத்தைப் பார்த்து. எழுத்தைப் பார்க்கவே இல்லை.

இவரிடம் சொன்னேன். "அத்தனையும் உங்க வாயிலிருந்து கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கா. ஒரு எழுத்து தெரியல."

அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "முன்னெல்லாம் புத்தகத்தப் பாத்தா அழுவா. இப்ப அவளே தூக்கிட்டு வர்றா. அதையும் கெடுக்கச் சொல்றியா?"

மிச்சமிருந்த நாட்களில் அவளை எழுத்தோடு உட்காரவைத்துப் பார்த்தேன். தலைகீழாக நின்றும் நடக்கவில்லை.

லீவு முடிந்ததும் பெரிய மிஸ்ஸின் அறைக்கு மூன்று பேரும் போனோம். அவர் எடுத்து வைத்தது நாங்கள் பார்க்காத புத்தகம். காக்கா ஒன்று குடை பிடித்து நிற்கிற படம். முதல் வரி 'மழை வந்தது'. இரண்டே சொல். நான் மனசுக்குள் படித்துப் படித்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காக்கா குடை வாங்கிச்சு" என்றாள் வாலு, கணீரென்று.

பெரிய மிஸ் 'மழை'யின் மேல் விரலை வைத்தார். "இது என்ன கண்ணு?"

அவள் அந்த விரலையே பார்த்தாள். பிறகு நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். இரண்டு கையையும் விரித்துக் காக்காவாகக் கத்தினாள். குடை காற்றில் இழுத்துக்கொண்டு போவதுபோல் அறையைச் சுற்றி ஓடி, மேஜைக்கடியில் பொத்தென்று விழுந்தாள். அப்படியே அப்பா. எழுந்து வந்து பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்ல, திருப்பு" என்றார் பெரிய மிஸ்.

"நீங்க இன்னும் சிரிக்கலையே?"

பெரிய மிஸ் எங்களைத்தான் பார்த்தார். அவள் உதடு பிதுங்க ஆரம்பித்தது. அப்போதுதான் என் பக்கத்திலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. ஹா ஹா என்று, தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு இவர் சிரித்தார். முகம் மலர்ந்து அவள் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்துக்கும் சிரித்தார். அதற்கடுத்ததற்கும். ஒரு வரிகூடப் படிக்காமல் புத்தகம் முடிகிறவரை என் புருஷன் சிரித்தார். பெரிய மிஸ் தடுக்கவில்லை. முடிந்ததும் அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, எங்களிடம், "என்னை மன்னிச்சிடுங்க" என்றார்.

வெளியே வெயில். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். அவள் நடுவில் எங்கள் கைகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள். அப்பா இப்படி ஒரேயடியாகச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"பாவம்பா பெரிய மிஸ்" என்றாள். "ஒரு பக்கத்துக்குக்கூடச் சிரிக்கல. அவங்க ஃபெயில்."

சொல்லிவிட்டு, அவர் சிரிப்பதற்காக முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள்.