டேலியா தின்ற மானும் ஆறு ஃபிலிமும்

ஜெகதாம்பாளுக்கு நாலு வருடமாக இரண்டாம் பரிசுதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த அந்த அலுவலகக் குடியிருப்பில், குடியரசு தினத்தன்று சிறந்த தோட்டத்துக்கு ஒரு கோப்பை கொடுப்பார்கள். ஜெயித்தவர் வீட்டில் அது ஒரு வருடம் இருக்கும். நாலு வருடமாக ஏழாம் தெரு ரெபேக்காள் வீட்டை விட்டு அது நகரவே இல்லை. 1998-இல் விடுவதில்லை என்று ஜெகதாம்பாள் இருபது தொட்டி டேலியா வைத்தாள். மொட்டு வந்தது. கூடவே மானும் வந்தது.

மூன்று புள்ளிமான்கள். பின்னாலிருந்த சவுக்குத் தோப்பிலிருந்து விடியற்காலையில் வந்து, இடுப்பளவுச் சுவரை அலட்சியமாகத் தாண்டி, மொட்டை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் போயின. இலையைத் தொடவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

வேலி போட்டுத் தரும்படி பராமரிப்பு அலுவலகத்துக்கு மனு எழுதினாள். மான் வருவதற்கு ஆதாரம் இல்லை, ஆடாக இருக்கலாம் என்று இன்ஜினீயர் பாலசுப்ரமணியன் பதில் அனுப்பினார். ஆடு என்றால் இலையை விட்டுவைக்குமா என்று அவள் நேரில் போய்க் கேட்டதற்கு அவர் மேஜை மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஆதாரம்தானே? கேமராவை எடுங்க” என்றாள் கணவனிடம்.

பரணிதரன் கேமராவை அவ்வளவு லேசில் யாரிடமும் கொடுக்கிறவர் இல்லை. ரோலில் முப்பது படம் குற்றாலத்திலேயே தீர்ந்திருந்தது. மிச்சம் ஆறு, ஒன்றுகூட வீணாகக் கூடாது என்று பத்துத் தடவை சொல்லிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டில் மாட்டுகிற மாதிரி அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்.

முதல் நாள் கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் ஒளிந்து எடுத்தாள். பிற்பாடு கழுவிப் பார்த்தபோது அதில் போர்வைதான் இருந்தது. இரண்டாம் நாள் ஃப்ளாஷ் பளிச்சென்று அடித்தது. படத்தில் ஒரு சுவரும் மூன்று வால்களும். மூன்றாவதைத் தும்மல் கெடுத்தது. நாலாவதில் பரணிதரன் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, “வந்துடுச்சா?” என்று குறுக்கே வந்து நின்றார். அந்தப் படத்தில் அவர் நன்றாகவே விழுந்திருந்தார்.

இதற்குள் ஜெகதாம்பாள் ஒன்றைக் கவனித்துவிட்டாள். மானுக்குக் கண்ணைவிடக் காதுதான் காவல். காது நிமிர்ந்திருக்கும்போது மூச்சுகூட விடக்கூடாது. அது காதைத் தளர்த்திக்கொண்டு மெல்லும்போது ஓர் அடி எடுத்துவைக்கலாம். ஐந்தாம் நாள் ஃப்ளாஷ் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு, அடியடியாகத் துளசிமாடம் வரை வந்துவிட்டாள். வெளிச்சம் போதவில்லை. சூரியன் சுவருக்கு மேலே ஏறும்வரை பொறுத்தாள். அதற்குள் மூன்று மொட்டு காலி. பல்லைக் கடித்துக்கொண்டாள். நாலாவதாக, அவள் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்த மெரூன் டேலியாவை, விரிந்த பூவாகவே கடித்து இழுத்தது கொம்பு மான். வாயில் பூவோடு தலையை நிமிர்த்தி நேராக அவளைப் பார்த்தது. அமுக்கினாள். ஒரு தைரியத்துக்கு இன்னொன்றும் அமுக்கினாள். ரோல் தீர்ந்தது.

மாமல்லபுரம் ஸ்டூடியோக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். அதை இணைத்து இரண்டாவது மனு போயிற்று. மூன்றாம் நாள் பதில் வந்தது: இவ்வளவு அழகான உயிர்கள் வந்துபோகும் வழியை வேலி போட்டு அடைப்பது முறையாகாது. போதாக்குறைக்குப் படத்தை மனமகிழ் மன்றப் பலகையில், அவள் வீட்டு எண்ணோடு ஒட்டியிருந்தார்கள்.

மறுநாள் விடிவதற்குள் பின்சுவரை ஒட்டிப் பதினைந்து பேர் கேமராவும் குழந்தையுமாக நின்றார்கள். அதற்கடுத்த நாள் முப்பது பேர். ஜெகதாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நாலாம் நாள் தொட்டிகளில் மொட்டுகளை எண்ணிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு மொட்டுகூடக் குறையவில்லை. இந்தக் கூட்டத்தைவிட நல்ல வேலி வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள். மான் வந்ததா என்று கேட்டால், இப்போதுதான் போனது, நாளைக்குச் சீக்கிரமாக வாருங்கள் என்றாள்.

உண்மையை உடைத்தது வேண்டா என்ற மீன்காரிதான். கூடையை இறக்கியவள் சுவரோரத்துக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னாம்மா, இத்தினி பேரு குந்திகினு கீறாங்க? இங்க வர்றதுக்கு மானு இன்னா லூசா? அது ஏழாந்தெருவுல நாஸ்தா துன்னுகினு கீது.”

ஜெகதாம்பாள் அவளைச் சமையலறைக்குள் இழுத்து, தேவையே இல்லாமல் ஒரு கிலோ நெத்திலி வாங்கினாள்.

போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் கோப்பை தானாக வரும். மத்தியானம் முழுக்க அதையே நினைத்துச் சந்தோஷப்பட முயன்றாள். முடியவில்லை. சாயங்காலம் ஏழாம் தெருவுக்குப் போனாள்.

ரோஜா வரிசையில் பாதி மொட்டையாக நின்றது. ரெபேக்காள் கையில் கழியோடு உட்கார்ந்திருந்தாள். யார் வீட்டு ஆடு என்று தெரியவில்லை, தெரிந்தால் காலை உடைப்பேன் என்றாள்.

ஆமாம், ஆடுதான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

“ஆடு இல்லக்கா, மான். எங்க வீட்ல கூட்டம் சேர்ந்ததால இங்க வருது. கூட்டம் இருந்தா எங்க வீட்டுக்கு மான் வராதுன்னு தெரிஞ்சுதான் டீ குடுத்து உட்கார வச்சிருந்தேன். இங்க வருதுன்னு இன்னிக்குத்தான் தெரியும்.”

ரெபேக்காள் கழியைக் கீழே வைத்தாள். “இதை ஏன் என்கிட்ட சொல்றே?”

“நாலு வருஷம் உங்க ரோஜாகிட்ட தோத்திருக்கேன். வெறும் குச்சிகிட்ட ஜெயிச்சா எனக்கே நல்லா இருக்காது.”

ரெபேக்காள் கழியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, உன் டீயில் இஞ்சி போடுவாயா என்று கேட்டாள்.

மறுநாள் கேமரா வைத்திருந்தவர்களை ஏழாம் தெருவுக்கு அனுப்பினாள் ஜெகதாம்பாள்; மான் உண்மையிலேயே அங்கேதான் போகிறது என்றாள். குழந்தைக்காரர்கள் இவள் வீட்டுச் சுவரிலேயே இருந்தார்கள். இரண்டு வீட்டிலும் டீ. இரண்டு வீட்டிலும் மான் இல்லை. ரெபேக்காளின் பின்வரிசைச் செடிகளில் மிச்சமிருந்த மொட்டுகள் சமர்த்தாக விரிந்தன.

குடியரசு தினத்தன்று இரண்டு மார்க் வித்தியாசத்தில் ஜெகதாம்பாள் ஜெயித்தாள்.

அன்று மாலை ரெபேக்காள் கோப்பையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். “துடைச்சுத்தான் கொண்டுவந்திருக்கேன். பத்திரமா வச்சிரு. அடுத்த ஜனவரியில வந்து வாங்கிக்கறேன்.”

“வரும்போது வெறுங்கையோட வராதீங்கக்கா, ரெண்டு ரோஜாப் பதியன் எடுத்துட்டு வாங்க” என்று சொல்லி அவளை உள்ளே கூப்பிட்டாள் ஜெகதாம்பாள்.