தூக்கிப் பார்க்காத கால்

கால்நடை டாக்டருக்கு மாட்டின் பின்னங்காலைத் தொடப் பயம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கிடேரி விட்ட உதையில் விலா எலும்பு இரண்டு முறிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து எழுந்தவர் அவர். அதற்குப் பிறகு நொண்டுகிற மாடு என்றால் நாலடி தள்ளி நின்று பார்ப்பார்; வலிக்கு ஊசி போடுவார்; கிளம்பிவிடுவார். இந்தப் பயம் அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது.

பால் பண்ணையில் செவலைப் பசு நொண்டியபோதும் அதைத்தான் செய்தார். பால் கறக்கிற அம்மா அருகே வந்து, "காலைத் தூக்கிப் பாருங்க டாக்டர். குளம்பு சுடுது, நான் தொட்டுப் பார்த்தேன்" என்றாள்.

"டாக்டருக்குப் படிச்சது நானா, நீங்களா?"

அவள் பால் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். பண்ணைக்காரர் காரணம் கேட்டார். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "தொடையில பலமா அடி பட்டிருக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

பத்து நாள் கழித்து மறுபடி அழைப்பு. செவலை எழுந்திருக்கவே இல்லையாம். போய்ப் பார்த்தால் கொட்டகையில் யாரோ புது ஆள் கறந்துகொண்டிருந்தான்.

"அந்தம்மா எங்க?"

"அனுப்பிட்டேன் சார்" என்றார் பண்ணைக்காரர். "அடி பட்டிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அவங்களை விட்டா அது கிட்ட யாரு போறா? அடிக்கவே இல்லைன்னு அழுதாங்க. நான் நம்பல."

செவலை உதைக்கத் தெம்பில்லாமல் கிடந்ததால் மட்டுமே டாக்டருக்குத் தைரியம் வந்து, குளம்பைத் திருப்பினார். அடியில் கறுப்பாக ஒரு புள்ளி. கத்தியால் சீவியதும் குப்பென்ற நாற்றத்தோடு சீழ் பீறிட்டது. உள்ளே ஓர் ஒடிந்த ஆணி. தொடையில் ஒரு கீறல்கூட இல்லை.

வெந்நீர் எடுக்கப் போயிருந்த பண்ணைக்காரர் திரும்பி வந்து, "என்ன சார் இருந்துச்சு?" என்றார்.

"கொஞ்சம் சீழ். எடுத்தாச்சு."

ஆணியைக் காகிதத்தில் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். குளம்பின் நல்ல பாதிக்கு அடியில் மரத்துண்டு ஒட்டி, புண்ணான பாதி தரையில் படாதபடி கட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் செவலை எழுந்து நடந்தது. "உங்க கைராசியே கைராசி சார்" என்று பண்ணைக்காரர் போனில் வாயாரப் புகழ்ந்தார். அன்று டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னதுதாம்மா சரி. குளம்புல ஆணி."

"அன்னிக்கு ஏன் பார்க்கல?"

"உதைச்சிடும்னு பயம்."

சொல்லும்போதே காது மடல்வரை சூடேறியது. அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை. சட்டை ஒன்றை நிதானமாக நாலாக மடித்தாள்.

"நான் அடிக்கலைன்னு எனக்குத் தெரியும். அதை எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப் போகுது?"

அவளையும் அழைத்துக்கொண்டு பண்ணைக்குப் போனார். வேலையாட்கள் அத்தனை பேரும் நிற்க, "அடி படவே இல்லை. நான் காலைத் தொட்டே பார்க்கல. பொய் சொன்னேன்" என்றார்.

பண்ணைக்காரர் தரையைப் பார்த்தார். "தப்பு என்மேலயும்தான். நாளைலேர்ந்து வந்துடுங்கம்மா."

"வேற இடத்துல சேர்ந்துட்டேன்" என்றாள் அவள். "மாட்டைப் பார்த்துட்டுப் போயிடறேன்."

செவலையின் காலைத் தடவித் தடவி, மெல்லத் தூக்கிப் பிடித்தாள். "கட்டு நனைஞ்சிருக்கு. மாத்துங்க."

டாக்டர் மண்டியிட்டார். கத்தரிக்கோல் கைநழுவி வைக்கோலில் விழுந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதைத் துழாவி எடுத்து, கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.