வெயில் முதுகில் விழுந்த மதியம்

பள்ளத்தாக்கு அங்கேயே முடிந்துவிட்டது. எதிரே அறுபது அடிக்குச் சிவப்புப் பாறை செங்குத்தாக நின்றது. வெள்ளம் வந்தால் அருவியாகக் கொட்டும் இடம். மே மாதக் கடைசியில் அதன் அடியில் காய்ந்து வெடித்த சேறுதான் இருந்தது. மேரன் ஜெப்சன் முதுகுப்பையைக்கூட இறக்காமல் அந்தச் சேற்றைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் வந்த நால்வரும் ஒவ்வொருவராகச் சேர்ந்து, அவள் பார்த்ததையே பார்த்தார்கள். இங்கே ஊற்று இருக்கும் என்று காலையில் சொன்னவள் அவள்தான்.

தெற்கு யூட்டாவில் ஒரு சிறிய கல்லூரியின் நடைக்குழு அது. தேர்வு முடிந்த கையோடு ஐந்து நாள் நடைக்குக் கிளம்பியிருந்தார்கள். அன்று மூன்றாம் நாள். குழுவை மாணவர்களில் ஒருவரே நடத்திப் போவது வழக்கம். இந்த முறை கேட்டு வாங்கி அந்தப் பொறுப்பை ஏற்றவள் மேரன். விடிந்ததும் ஆற்றில் ஆளுக்கு மூன்று லிட்டர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இப்போது மணி மூன்று. யாரிடமும் ஒரு லிட்டருக்கு மேல் இல்லை.

எங்கே பிசகியது என்று அவளுக்குத் தெரியும். நண்பகலில் பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரிந்த இடத்தில், வலப்பக்கக் கிளையின் வாசலில் யாரோ கற்களை அடுக்கி அடையாளம் வைத்திருந்தார்கள். வரைபடத்தைப் பிரிக்காமல், அதை நம்பி உள்ளே நுழைந்துவிட்டாள். அவர்கள் போக வேண்டிய பள்ளத்தாக்கு வடக்கே போவது. பிற்பகல் வெயில் இடது கன்னத்தில் அடிக்க வேண்டும். ஆனால் அது முதுகில் அடித்துக்கொண்டே வந்தது. அதைக் கவனித்து ஒரு மணி நேரமாகியிருந்தது. அடுத்த திருப்பத்தில் வழி வடக்கே வளைந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நடந்திருந்தாள்.

பையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இது அந்தப் பள்ளத்தாக்கு இல்ல. நான் தப்பான கிளைக்குள்ள கூட்டிட்டு வந்துட்டேன்."

தாவோ பரேலா வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டே வந்தவன். இப்போது அவன் முகத்தில் சிரிப்பில்லை. "இப்பத்தான் தெரிஞ்சுதா?"

இப்பத்தான் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"இல்ல. ஒரு மணி நேரமாவே தெரியும். வளையும் வளையும்னு பாத்தேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"நீ வெக்கப்பட்டதுக்கு நாங்க தண்ணியக் குடிச்சுத் தீத்தோமா?"

ஆஷ்பி இரட்டையர்கள் தங்கள் குடுவைகளைத் தூக்கி வெளிச்சத்தில் அளந்து பார்த்தார்கள். லிண்டி ரவுண்டி ஒரு பாறையில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினாள். அவளுக்கு இது முதல் நடை. இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து, காலுறை தோலோடு ஒட்டியிருந்தது.

தாவோ பாறை ஏறுவதில் கெட்டிக்காரன். சுவரின் ஓரத்தில் மேலேவரை போன வெடிப்பு ஒன்றைக் காட்டினான். இருபது நிமிடத்தில் மேலே ஏறிவிடலாம், அந்தப் பக்கம் இறங்கினால் ஊற்று, எதற்கு வந்த வழியே மூன்று மைல் திரும்ப வேண்டும் என்றான்.

"நீ ஏறிடுவ, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல" என்றாள் மேரன். "அந்தப் பக்கம் இறங்க வழி இருக்கா? உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத வழிய நம்பி இன்னைக்கு ஒரு தடவ நடந்தாச்சு. போதும்."

"தலைவி சொன்னாக் கேட்டுக்கணுமோ?" என்றான் தாவோ. "இன்னும் உன்ன நம்புறது யாரு?"

லிண்டி காலுறையைப் பிரித்தெடுத்தபடியே சொன்னாள். "நான் நம்பல. ஆனா அந்தச் சுவர்ல ஏறவும் மாட்டேன்."

ஆஷ்பிகளில் ஒருவன் சிரித்துவிட்டான். தாவோ சிரிக்கவில்லை, ஆனால் வெடிப்பின் பக்கமும் போகவில்லை.

வெயில் தணியும்வரை அசையக் கூடாது என்றாள் மேரன். பாறை நிழலில் ஒண்டிக்கொண்டார்கள். லிண்டியின் கொப்புளங்களைத் துடைத்துக் கட்டிவிட்டு, அவளுடைய கூடாரத்தையும் படுக்கைச் சுருளையும் மேரன் தன் பைமேல் வைத்துக் கட்டினாள். ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். பையின் வார் தோளை அறுத்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அரை மணிக்கு ஒருமுறை நிற்க வைத்து, ஆளுக்கு இரண்டு வாய் குடிக்கச் சொன்னாள். தாவோ ஐம்பது அடி முன்னாலேயே நடந்தான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளத்தாக்கு பிரிந்த இடத்துக்கு வந்ததும் அவள் அவனைக் கூப்பிட்டாள். வரைபடத்தை மணலில் விரித்து, திசைகாட்டியை அவன் கையில் கொடுத்தாள். தான் சொல்வதை நம்ப வேண்டாம், நீயே பார்த்துச் சொல் என்றாள். அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு இடப்பக்கக் கிளையைக் காட்டினான். அவள் போட்டு வைத்திருந்த கணக்கும் அதுதான்.

ஊற்றுக்கு இன்னும் இரண்டு மைல். கடைசி அரை மைல் லிண்டி தாவோவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் பாறை மடிப்பில் பச்சை தெரிந்தது. பாசியும் பெரணியும் படர்ந்த ஒரு கீறலிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குடுவை நிறையப் பத்து நிமிடம் ஆயிற்று. முதல் குடுவை லிண்டிக்கு. மேரன் கடைசியாகப் பிடித்தாள். அதுவரை கூடாரங்களை அடித்துக்கொண்டிருந்தாள்.

ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவித் தின்னும்போது, நாளையிலிருந்து வேறு யாராவது நடத்திப் போகட்டும் என்றாள்.

"நல்லா இருக்கே" என்றான் தாவோ. "வழிய மாத்தி விட்டுட்டு நைசாக் கழண்டுக்கலாம்னு பாக்கிறியா? நீயே நடத்து. சந்தேகம் வந்தா வந்த நிமிஷமே சொல்லிடு."

"சொல்றேன்."

மறுநாள் காலையில் ஏழு இடங்களில் நிறுத்தி, சந்தேகமாக இருக்கிறது என்று சொன்னாள். ஆறில் வழி சரியாகவே இருந்தது. ஏழாவதில் இல்லை, நூறு அடி திரும்பி நடந்தார்கள். ஐந்தாம் நாள் மாலை, கொஞ்சம் நொண்டிக்கொண்டு, ஐந்து பேரும் சாலைக்கு வந்து சேர்ந்தார்கள்.