வலி தெரியாதவர்கள்

பெட்ரோல் பங்கின் கழிவறைக் கதவு டீச்சரின் சக்கர நாற்காலியைவிடக் குறுகலாக இருந்தது. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் பின்வாங்கினாள். பங்க் முதலாளி பக்கத்திலேயே நின்று கைகளைக் கட்டிக்கொண்டு, "உங்களைப் பாத்தாலே எங்களுக்கெல்லாம் ஒரு தெம்பு வருது மேடம்" என்றார். தெம்பு வந்தவர் அந்தக் கதவை இடித்து அகலமாக்கிவிடப் போகிறாரா என்ன? அவருக்குத் தேவை ஒரு படம். எடுத்துக்கொண்டார். பிறகு டீச்சரின் தம்பி அவளை வேனுக்குத் தூக்கிப் போய்த் திரையை இழுத்துவிட்டான். விழிப்புணர்வுப் பயணத்தில் பாதி நேரம் இந்தத் திரைக்குப் பின்னால்தான் கழிந்தது.

இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத மூன்று பேர், கையால் மிதிக்கிற சைக்கிளில், நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனையிலுள்ள கடல்வரை போய்க்கொண்டிருந்தார்கள். மூன்று சக்கரம், தரையோடு தரையாக ஓர் இருக்கை, காலுக்குச் செய்ய வேண்டிய வேலையைக் கைக்குக் கொடுக்கும் இரண்டு பிடிகள், அவ்வளவுதான் வண்டி. ஒருவர் கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்தவர். இன்னொருவன் நீச்சல்காரன், ஆழமில்லாத தண்ணீரில் தலைகுப்புறப் பாய்ந்தவன், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு யாரோடும் ஒட்டாமல் வந்தான். மூன்றாவது ஆள் டீச்சர். விபத்துக்கு முன் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறை கேட்டாள். அது முடியாது என்று கைவிரித்துவிட்டது பள்ளிக்கூடம். ஆனால் வழியனுப்பு விழா நடத்தி, அவளுடைய மன உறுதியைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்கள். மன உறுதி என்ற சொல்லைக் கேட்டாலே அன்றிலிருந்து அவளுக்கு வாய் கசந்தது.

வழியெல்லாம் அந்தச் சொல்தான். பூங்கொத்தோடு வந்தவர்களை அவள் மனதுக்குள் ரகம் பிரித்து வைத்திருந்தாள். கண்கலங்குகிறவர்கள் ஒரு ரகம். குழந்தையிடம் பேசுவதுபோலக் குனிந்து குழைகிறவர்கள் இன்னொரு ரகம். கேட்காமலே முதுகில் தட்டிக்கொடுக்கிறவர்கள் மூன்றாவது; அவர்களைத்தான் கடிக்கலாம்போல இருக்கும். இத்தனை பேரையும் கூட்டிச் சேர்க்கிற ஒருங்கிணைப்பாளருக்கு அவள் 'மைக்கு' என்று பெயர் வைத்திருந்தாள். தூங்கும்போதுகூட அவன் கை மைக்கைப் பிடித்த மாதிரியே மடங்கியிருக்கும் என்று தம்பியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் எல்லாரையும்விட அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது கொத்தனாரைப் பார்த்துத்தான். மனிதர் எல்லாருக்கும் சிரித்தார். தட்டிக்கொடுத்தாலும் சிரிப்பு, படமெடுத்தாலும் சிரிப்பு. வேனின் பக்கவாட்டில், சுவரொட்டியில், சட்டையில் எங்கு பார்த்தாலும் அந்தச் சிரிப்பையே பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தான் மைக்கு. முதுகெலும்போடு சேர்த்து ரோஷத்தையும் முறித்துக்கொண்ட ஆள் என்று டீச்சர் நினைத்துக்கொள்வாள்.

பங்கில் வேனிலிருந்து அவள் இறங்கியபோது கொத்தனார் வண்டியை விட்டு இறங்காமல் நிழலில் அப்படியே சாய்ந்திருந்தார். காலையிலிருந்தே அப்படித்தான். அவரைக் கடந்து போகும்போது அந்த வாடை வந்தது. டீச்சருக்கு அது தெரிந்த வாடை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணிடமிருந்து அது வந்தது. பிறகு அந்தக் கட்டில் காலியானது. அவள் தம்பியைக் கூப்பிட்டு, "அவரைக் கொஞ்சம் தூக்கு" என்றாள். கொத்தனார் வேண்டாம் வேண்டாமென்று கையை ஆட்டுவதற்குள் அவன் தூக்கிவிட்டான். இருக்கையில் மடித்துப் போட்டிருந்த துண்டு நனைந்து, நடுவில் கறுத்துப் போயிருந்தது.

"எப்பத்துலேர்ந்து?"

"என்னது டீச்சரம்மா?" கொத்தனார் சிரித்தார்.

"பல்லைக் காட்டாதீங்க. உக்காந்தே வந்த இந்தப் புண்ணு எப்பத்துலேர்ந்து இருக்கு?"

"அட, அது ஒண்ணுமில்ல. கண்ணாடி வச்சுப் பாத்தேன். சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்துச்சு."

"இருந்துச்சா? இப்ப எவ்வளவு இருக்கு?"

"அப்புறம் பாக்கல" என்றார். துண்டைத் திருப்பி மடித்தார். "கடல்வரைக்கும் போயிடறேன் டீச்சரம்மா. அப்புறம் என்னை எங்க வேணா கொண்டுபோய்க் குப்புறப் போடுங்க."

"ரத்தத்துல விஷம் ஏறிச்சுன்னா கடலுக்குப் போக மாட்டீங்க. நேரா மேலதான்."

"வீட்டுல ஜன்னலோரமா கெடந்தேன்" என்றார் கொத்தனார், அவளைப் பார்க்காமல். "என் பொண்டாட்டி கட்டிலைச் சுத்திப் பெருக்கற மாதிரி என்னையும் சுத்திப் பெருக்கிட்டுப் போவா. பேச்சே கெடையாது. இந்த வண்டியில ஏறினப்புறம்தான் திரும்ப 'என்னங்க'ன்னு கூப்பிடறா. இறக்கி விட்டுடாதீங்க."

இந்தக் கைதட்டலுக்காகவா ஒரு மனிதன் தன் சதையை அழுகவிடுவான் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. நேராக மைக்கிடம் போனாள். அவன் முழுவதையும் கேட்டான். முகத்தைக்கூடக் கவலையாக வைத்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலைல முதல் வேலையா டாக்டர்கிட்ட காட்டிடலாம் மேடம். சாயங்காலம் அமைச்சர் வர்றார். போஸ்டர் பூரா கொத்தனார் முகம்தான். அவர் இல்லாம மேடை எப்படி?"

"அந்த போஸ்டரையே தூக்கி மேடையில உக்கார வச்சிடுங்களேன். அதுக்குப் புண்ணு வராது."

"நீங்க எப்பவும் இப்படித்தான் மேடம்" என்று சிரித்துவிட்டு அவன் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

மாலையில் அடுத்த ஊரின் விளையாட்டுத் திடலில் மேடை போட்டிருந்தார்கள். ஏறப் படிகள் மட்டும்தான். எந்தப் பொதுக் கட்டடத்திலும் சக்கர நாற்காலி தடையில்லாமல் ஏற வழி வேண்டும் என்று சொல்ல வந்தவர்களை, மூட்டை ஏற்றுவதுபோல ஆள் வைத்துத் தூக்கி ஏற்றினார்கள். அதற்கும் கூட்டம் கைதட்டியது. யாருக்கும் உறைக்கவில்லை. கொத்தனார் நடுவில் இருந்தார், மினுமினுப்பான முகத்தோடு. காய்ச்சலில் வந்த மினுமினுப்பு அது. முன்வரிசை அதையும் மகிழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டிருக்கும்.

அமைச்சர் வந்தார், வெகு தாமதமாக. வந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்தார். தன் சின்ன வயதைப் பற்றிப் பேசினார், தன் தாயாரைப் பற்றிப் பேசினார், சாலைகள் போட்டதைப் பற்றிப் பேசினார். கடைசியில் இவர்கள் பக்கம் திரும்பி, கொத்தனாரின் தோளில் கையை வைத்து, குரலைத் தழுதழுக்க விட்டார்.

"இவங்களைப் பாருங்க. இந்தச் சிரிப்பைப் பாருங்க. இவங்களுக்கு வலின்னா என்னன்னே தெரியாது!"

திடல் அதிர்ந்தது. கொத்தனார் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். அடுத்து இரண்டு வார்த்தை நன்றி சொல்லும்படி மைக்கு டீச்சரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தான்.

"சார் சொன்னது ரொம்பச் சரி" என்று ஆரம்பித்தாள். வகுப்பில் பேசுகிற அதே குரல். "எங்களுக்கு வலி தெரியாது. இடுப்புக்குக் கீழ நெருப்பை வச்சாலும் தெரியாது. இதோ உக்காந்திருக்காரே, இவரோட பின்பக்கம் சதை அழுகிட்டிருக்கு. அது இவருக்கும் தெரியல. சார் இவ்வளவு பக்கத்துல நிக்கறீங்களே, உங்களுக்கு வாடைகூடவா வரல?"

அமைச்சரின் கை தோளிலிருந்து நழுவியது. கூட்டத்தில் யாரோ அசட்டுத்தனமாக இன்னும் இரண்டு தட்டு தட்டி நிறுத்தினார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு தூரம் எந்த வாடையும் வந்திருக்க முடியாது. கொத்தனாரின் உதடுகள் சிரித்த நிலையிலேயே நின்றன. அணைக்க மறந்த விளக்குபோல. எல்லாருடைய பார்வையும் ஒரே நேரத்தில் அவர் முகத்திலிருந்து கீழே இறங்கியது. அவர் மெதுவாகச் சட்டையை இழுத்து மடியை மூடிக்கொண்டார்.

அன்றிரவே கொண்டுபோன ஆஸ்பத்திரியில் புண்ணைத் திறந்து பார்த்த டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்றார். அறுத்து எடுத்தார்கள். மறுநாள் காலை டீச்சர் வார்டுக்குப் போனபோது கொத்தனார் குப்புறப் படுக்கவைக்கப்பட்டிருந்தார். கன்னம் தலையணையில் அமுங்கி, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அந்த முகத்தில் சிரிப்பில்லாமல் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உறுதியான, கெட்டிக்கார முகம்.

"டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார்.

"மைக்குகிட்ட சொன்னேன்."

"ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கலாம். உன் தம்பிகிட்டச் சொல்லி என்னைத் தூக்கி வேன்ல போட்டிருக்கலாம். மத்தியானத்துலேர்ந்து சாயங்காலம்வரைக்கும் நேரம் இருந்துச்சு." அவர் மூச்சு வாங்கினார். "டிவில என் பொண்ணு பாத்துக்கிட்டிருந்தா. பக்கத்து வீட்டுக்காரங்களையெல்லாம் கூப்பிட்டு வச்சிருந்தா. மனுஷியா நீ?"

இத்தனை ஊர் கடந்து வந்ததில் அவர் அவளை 'நீ' என்றதே இல்லை. டீச்சர் பதில் தேடினாள். உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று சொல்லலாம், அது பொய்யில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் நினைப்பில் கொத்தனாரின் உயிர் இருக்கவில்லை. அந்தத் தடித்த கழுத்துக்கார அமைச்சர் மேல் எறிய ஏதாவது கையில் கிடைக்காதா என்றுதான் இருந்தாள். பக்கத்தில் கொத்தனார் இருந்தார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தாள். ஊரையெல்லாம் அளந்த தன் இளக்காரம் கடைசியில் தன் பக்கமே திரும்பியது அவளுக்குப் புதிதாக இருந்தது.

வாசலில் மைக்கு முகமெல்லாம் வெளிச்சமாக ஓடிவந்தான். "மேடம், உங்க பேச்சு ஊர் பூரா சுத்துது! எல்லாரும் அனுப்பிக்கிட்டே இருக்காங்க. அமைச்சரே 'துணிச்சலான பெண்'னு சொல்லிட்டார். இனிமே நம்ம பயணத்துக்கு நீங்கதான் முகம்."

"தள்ளு" என்றாள்.

ஊரைத் தாண்டியதும் மலையேற்றம். சாலை ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளமாக ஒடுங்கியது. நீச்சல்காரன் முன்னால் போய் வளைவில் மறைந்துவிட்டான். டீச்சர் பிடிகளைச் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் தோள்பட்டை எரிந்தது. உடம்பின் மேல்பாதியில் வலி தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது. பின்னால் வண்டிகள் சேரத் தொடங்கின. முதலில் ஹாரன் அடித்தார்கள். பிறகு யாரோ அவளை அடையாளம் கண்டிருக்க வேண்டும். ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றன, கார்களின் கண்ணாடிகள் இறங்கின, கைதட்டல் கிளம்பியது. "வாழ்த்துகள் மேடம்!" என்று ஒரு பெண்குரல் கூவியது.

அந்த வரிசையில் எங்கோ ஒரு லாரி மட்டும் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. எதிரே வண்டி வராத நேரம் பார்த்து அது கார்களைச் சுற்றிக்கொண்டு அவள் முதுகுவரை வந்துவிட்டது.

"நட்டநடு ரோட்டுல என்ன ஊர்கோலமா? ஒதுங்கும்மா, சரக்கு இறக்கணும்!" என்று லாரிக்காரர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

டீச்சர் வண்டியைப் பாறையோரம் ஒடித்து லாரிக்கு வழிவிட்டாள். புழுதியும் புகையும் முகத்தில் அடித்தன. லாரி உறுமிக்கொண்டு மேலே போனது. அதன் பின்னாலேயே நழுவிவிடலாமென்று முதல் கார் முன்னே வந்தது. உள்ளே இருந்தவர்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பிடிகளை இறுக்கி, சாலையின் நட்டநடுவுக்கே திரும்பி, தன் வேகத்தில் ஏறத் தொடங்கினாள்.