மறைத்து வைத்த வரி

அண்ணிக்கு நான் வைத்திருந்த பட்டப்பெயர் எழுத்தாணி. ஓர் இணையதளம் என்றால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கையாலேயே நிரல் எழுதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. என்னிடம் ஒரு மென்பொருள் இருந்தது. பெட்டியை இழுத்து வை, படத்தைப் போடு, எழுத்தை மாற்று, ஆச்சு! ஒரே அறையில் ஆளுக்கொரு மேசை போட்டு இதையே தொழிலாக நடத்திவந்தோம். சண்டையும் இதைப் பற்றித்தான்.

அக்கா தங்கியிருந்த இல்லத்துக்குத் தளம் வேண்டும் என்று வந்தபோதும் அதே சண்டை. புருஷனிடம் அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றும் இடம் அது. அக்காவும் அப்படிப் போனவள்தான். வக்கீல் வழியாக இல்லத்தின் பெயர் அவள் புருஷனுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. தெரிந்தால் அவளை உயிரோடு விடமாட்டேன் என்று எங்கள் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போயிருந்தான். வெறும் வாய்ச்சவடால் விடுகிற ஆள் இல்லை. அக்காவின் இடது கை இன்னும் நேராக நீளாது.

"போன் நம்பர் பெருசா தெரியணும். அட்ரஸ் எங்கயும் வரக்கூடாது." இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா சொன்னது அவ்வளவுதான்.

"இத நான் எழுதுறேன். ஒரு வாரம் குடு," என்றார் அண்ணி.

"ஒத்தப் பக்கத்துக்கு ஒரு வாரமா? அதுக்குள்ள எத்தன பேரு அடி வாங்கிச் சாவாங்களோ! நான் சாயங்காலமே முடிச்சிடுறேன்."

"நீ இழுத்துப் போடுற பெட்டிக்குள்ள என்னென்ன இருக்குன்னு உனக்கே தெரியாதே."

"கண்ணால பாக்குறேன்ல அண்ணி. அது போதும்."

அண்ணி தன் மேசைக்குத் திரும்பிப் போனார். ஜெயித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மென்பொருள் ஆரம்பத்திலேயே முரண்டு பிடித்தது. முகவரியை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்கு விடமாட்டேன் என்றது. கடைக்காரர்களுக்குச் செய்து செய்து பழகிய கை, யோசிக்காமல் உண்மையான முகவரியையே அடித்துவிட்டது. அது பக்கத்தின் அடியில் போன் நம்பரோடு வந்து உட்கார்ந்துகொண்டது. அழித்தால் நம்பரும் சேர்ந்து போனது, சனியன். முகவரி வரியில் மட்டும் 'மறை' என்பதை அழுத்தினேன். மாயமாய் மறைந்தது. அன்று சாயங்காலமே தளத்தை வெளியிட்டேன்.

சில நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், அண்ணி அந்தத் தளத்தைத் திறந்தார். எந்தத் தளமானாலும் அதன் நிரலைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பது அவர் வழக்கம்.

"ஏய், இங்க வா." குரலே சரியில்லை.

அவர் விரல் வைத்த இடத்தில் கதவு எண், தெரு, எல்லாம் அச்சடித்தாற்போல் இருந்தன.

"மறைச்சிட்டேனே அண்ணி!"

"திரையிலதான் மறைஞ்சிருக்கு. உள்ள அப்படியே கெடக்கு. கூகுள் உள்ள இருக்கறதத்தானடி படிக்கும்?"

கூகுளில் இல்லத்தின் பெயரை அடித்தார். பெயருக்குக் கீழே முகவரி வந்தது. ஓடிப்போய் என் கணினியில் அந்தப் பெட்டியையே பிடுங்கி எறிந்து, மறுபடி வெளியிட்டேன். மறுபடி தேடினோம். முகவரி அப்படியே இருந்தது.

"கூகுள் திரும்ப வந்து படிக்கிறவரைக்கும் பழசத்தான் காட்டும்," என்றார் அண்ணி. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இல்லத்து நம்பர் பிஸி. மறுபடி அடித்தேன், பிஸி. அவசரத்தில் அக்காவின் நம்பர் தப்புத் தப்பாக விழுந்தது. அண்ணி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அவரே அடித்து, என் காதில் வைத்தார்.

"அடி, உனக்கு நூறு ஆயுசு!" அக்கா சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. "இப்பதான் உன்னப் பத்திப் பேசினேன்."

"அக்கா, நான் சொல்றத..."

"இருடி, நான் சொல்லிடுறேன். கீழ எனக்கு ஒரு பார்சல் வந்திருக்காம். கொண்டுவந்தவன் என் பேரச் சொல்லிக் கேட்டிருக்கான். உள்ள விடலாமான்னு வாசல்ல இருக்கறவங்க பயந்துட்டாங்க. உன்னத் தவிர நம்ம ஆளுங்க யாருக்கு இந்த அட்ரஸ் தெரியும்? என் தங்கச்சிதான் அனுப்பியிருப்பா, விடுங்கன்னு நான்தான் சொன்னேன். இதோ, படியேறி வர்றான். வாங்கிட்டு வந்து பேசுறேன்."

போனைக் கட்டிலில் போடும் சத்தம் கேட்டது. நான் கத்திக்கொண்டே இருந்தேன்.